ஃபோல்டரா, ஃபைலா, என்ன வகை ஃபைல்? ஆண்ட்ராய்டில் யாரைக் கேட்டால் சரியான பதில் வரும்

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். பயனர் ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கிறார். அதற்குள் இருப்பதையெல்லாம் உங்கள் ஆண்ட்ராய்டு செயலி பட்டியலாகக் காட்ட வேண்டும். எது ஃபோல்டர் என்று பார்க்க இஸ்டைரக்டரி போட்டால் எப்போதும் ஃபால்ஸ் வருகிறது. அதனால் பெயரில் புள்ளி இருந்தால் ஃபைல், இல்லாவிட்டால் ஃபோல்டர் என்று வைத்துக்கொண்டீர்கள். படமா பிடிஎஃபா என்பதையும் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வைத்தே முடிவு செய்கிறீர்கள். சில ஃபைல்கள் தப்பாக வருகின்றன, சரியான வழி என்ன என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே மாதிரி நினைப்பதால்தான் சிக்கல் வருகிறது. ஒரு பெயர் ஃபோல்டரைக் குறிக்கிறதா, ஃபைலைக் குறிக்கிறதா என்பது ஃபைல் சிஸ்டம் தன்னிடம் எழுதி வைத்திருக்கும் தகவல். லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொன்றின் ஐநோடிலும், அதாவது அதன் விவரங்களை வைத்திருக்கும் பதிவிலும், அது எழுதப்பட்டிருக்கிறது. சரியான இடத்தில் கேட்டால் சந்தேகமில்லாத பதில் கிடைக்கும். ஆனால் ஒரு ஃபைல் படமா, பிடிஎஃபா, எக்செல்லா என்பதை ஃபைல் சிஸ்டம் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. அதைப் பொறுத்தவரை எல்லாமே பைட்டுகள்தான். அதனால் வகையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது ஒரு கணிப்பு. அந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் கேள்வி. பத்து வருடத்துக்கு மேலாக ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதுகிறேன், பெரும்பாலும் ஆவணங்களைப் பதிவேற்றும் செயலிகள். இந்த இடத்தில் நானே பலமுறை விழுந்து எழுந்திருக்கிறேன்.

முதலில் அந்த ஃபால்ஸ். நீங்கள் போட்டிருந்த கோட்லின் வரியில் யூஆர்ஐயின் (பயனர் தேர்ந்தெடுத்ததற்கு ஆண்ட்ராய்டு தரும் முகவரி) பாத்தை எடுத்து நேராக ஃபைல் கிளாஸுக்குள் கொடுத்திருக்கிறீர்கள். பயனர் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பாத் "/ட்ரீ/ப்ரைமரி:டாக்குமென்ட்ஸ்" என்று வரும். பார்வைக்குப் பாத் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் போனில் அப்படி ஓர் இடமே கிடையாது. அது அந்த ஃபோல்டரைத் தரும் புரொவைடர், அதாவது ஃபைல்களைச் செயலிகளுக்குக் கொடுக்கும் நிரல், தனக்குள் வைத்திருக்கும் அடையாளம். இல்லாத இடத்தைக் காட்டி "இது ஃபோல்டரா?" என்று கேட்டால் ஃபால்ஸ் என்றுதான் வரும். இஸ்டைரக்டரியின் விதியே அதுதான்: அப்படி ஒன்று இருந்து, அது ஃபோல்டராகவும் இருந்தால் மட்டுமே ட்ரூ. இல்லவே இல்லை என்றாலும் ஃபால்ஸ், பார்க்க அனுமதி இல்லை என்றாலும் ஃபால்ஸ். அதே பாத்தில் இஸ்ஃபைல் கூப்பிட்டுப் பாருங்கள், அதுவும் ஃபால்ஸ் தரும். இரண்டும் சேர்ந்து ஃபால்ஸ் என்றால் உங்கள் பாத்தே தப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். எந்தச் செயலியைச் சோதிக்கும்போதும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்த அடையாளத்தைப் பிரித்து "ப்ரைமரி:" என்பதை எடுத்துவிட்டு உள் சேமிப்பகத்தின் பாத்தை முன்னால் ஒட்டும் கோட் இணையத்தில் நிறையக் கிடைக்கும். தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். டவுன்லோட்ஸ் புரொவைடர் "எம்எஸ்எஃப்:" போட்டு வெறும் எண்ணைத் தரும். கூகுள் டிரைவ் வேறு எதையோ தரும். அதற்குள் பாத் இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

சரி, வேறு யாரைக் கேட்பது? யூஆர்ஐ யாரிடமிருந்து வந்ததோ அவரைத்தான். பயனர் தேர்ந்தெடுத்த ஃபைலைச் செயலிக்குத் தரும் ஸ்டோரேஜ் ஆக்சஸ் ஃபிரேம்வொர்க் ஆண்ட்ராய்டு 4.4-இல், 2013-இல் வந்தது. முழு ஃபோல்டரையே தேர்ந்தெடுக்கும் வசதி அடுத்த வருடம் 5.0-இல் சேர்ந்தது. இதில் ஃபோல்டருக்கென்றே தனி மைம் டைப் (வகையைச் சொல்லும் பெயர்) உண்டு: "விஎன்டி.ஆண்ட்ராய்டு.டாக்குமென்ட்/டைரக்டரி". டாக்குமென்ட்ஸ்கான்ட்ராக்ட் கிளாஸில் மைம்_டைப்_டிஐஆர் என்ற மாறிலியாக இருக்கிறது. புரொவைடர் தரும் பட்டியலில் ஒரு வரிசையின் மைம் டைப் இதற்குச் சமமாக இருந்தால் அது ஃபோல்டர், வேறு எதுவாக இருந்தாலும் ஃபோல்டர் இல்லை. பெயரைப் பார்க்கவே வேண்டாம்.

எளிய வழி டாக்குமென்ட்ஃபைல் கிளாஸ். ஃபிரம்ட்ரீயூஆர்ஐ என்று கொடுத்து லிஸ்ட்ஃபைல்ஸ் கூப்பிட்டால் ஒவ்வொன்றுக்கும் இஸ்டைரக்டரி கேட்கலாம், பதில் சரியாக வரும். ஆனால் அதில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. பெயர் கேட்டால் ஒரு குவெரி, இஸ்டைரக்டரி கேட்டால் இன்னொரு குவெரி, அளவு கேட்டால் மறுபடி ஒன்று. ஒவ்வொன்றும் வேறொரு பிராசஸுக்குப் போய்த் திரும்புகிறது. பத்து ஃபைலுக்கு இது தெரியாது. கேமரா ஃபோல்டரைத் திறந்தால் தெரியும். நான் எழுதிய ஒரு செயலியில் சில நூறு படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்ததும் திரை அப்படியே உறைந்து நின்றது. பில்ட்சில்ட்ரன்டாக்குமென்ட்ஸ்யூஆர்ஐயூசிங்ட்ரீ என்ற நீளமான பெயர் கொண்ட மெத்தடால் யூஆர்ஐ செய்து, அடையாளம், பெயர், மைம் டைப், அளவு நான்கையும் ஒரே குவெரியில் வாங்கினேன். பட்டியல் உடனே வந்துவிட்டது. நீங்களும் பட்டியல்தான் காட்டுகிறீர்கள் என்பதால் நேராக இதற்கே போய்விடுங்கள்.

பழைய ஃபைல் கிளாஸ் பயனற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. உங்கள் செயலிக்கே சொந்தமான ஃபைல்ஸ்டிர், கேஷ்டிர் ஆகியவற்றுக்குள் இஸ்டைரக்டரி, இஸ்ஃபைல் எல்லாம் முழுக்க நம்பகமானவை. பொதுச் சேமிப்பகத்தில்தான் நிலைமை மாறிவிட்டது. மற்ற செயலிகளின் ஃபைல்களைப் பார்ப்பதைக் கட்டுப்படுத்தும், ஆண்ட்ராய்டு 10 கொண்டுவந்த ஸ்கோப்டு ஸ்டோரேஜ், 11-ஐ இலக்காக வைக்கும் செயலிகளுக்குக் கட்டாயமானது. அதற்குப் பிறகு டவுன்லோட் ஃபோல்டரை லிஸ்ட்ஃபைல்ஸ் மூலம் பார்த்தால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் தெரியும், அனுமதி இருந்தால் படங்கள் தெரியும், வேறு செயலி வைத்த பிடிஎஃப் மட்டும் தெரியாது. ஃபைல் மேனேஜரில் இருக்கிறதே, என் செயலியில் ஏன் இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருப்பார்கள். இன்னொன்று, லிஸ்ட்ஃபைல்ஸ் காலி அரே (பட்டியல்) தருவதும் நல் (மதிப்பே இல்லை என்ற பதில்) தருவதும் ஒன்றில்லை. காலி அரே என்றால் ஃபோல்டருக்குள் உங்களுக்குத் தெரியும்படி ஒன்றும் இல்லை. நல் என்றால் அது ஃபோல்டரே இல்லை, அல்லது படிக்கவே முடியவில்லை. இரண்டையும் சேர்த்து "காலி ஃபோல்டர்" என்று காட்டினால் பயனர் தன் ஃபைல்கள் அழிந்துவிட்டன என்று பயந்துவிடுவார்.

புள்ளி விதியை ஏன் விட வேண்டும் என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே ஆண்ட்ராய்டு/மீடியா ஃபோல்டருக்குள் "காம்.வாட்ஸாப்" என்று ஒன்று இருக்கும். அது ஃபோல்டர். உங்கள் விதிப்படி அது "வாட்ஸாப்" என்ற எக்ஸ்டென்ஷன் கொண்ட ஃபைல். எதிர்ப்பக்கம் "ரீட்மீ", "மேக்ஃபைல்" போன்றவற்றில் புள்ளியே இல்லை, ஆனால் ஃபைல்கள். ".நோமீடியா" என்ற காலி ஃபைலில் புள்ளி முதல் எழுத்தாகவே இருப்பதால், கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வெட்டினால் முழுப் பெயருமே எக்ஸ்டென்ஷன் ஆகிவிடும். பெயரில் புள்ளி வைப்பது மனிதர்களின் பழக்கம், அவ்வளவுதான்.

இனி ஃபைல் வகை. இங்கே மூன்று பேரைக் கேட்கலாம்: புரொவைடர், பெயர், உள்ளே இருக்கும் பைட்டுகள். கன்டென்ட்ரிசால்வரின் கெட்டைப் மூலம் புரொவைடரைக் கேட்பதுதான் முதல் படி. அது சொல்வது அதன் வாக்குமூலம். ஏற்கலாம், ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். போனின் சொந்தச் சேமிப்பகத்தைக் காட்டும் புரொவைடர் பெயரின் எக்ஸ்டென்ஷனைப் பார்த்துத்தான் மைம் டைப் சொல்கிறது. யாராவது ஜிப் ஃபைலுக்கு ஜேபிஜி என்று பெயர் மாற்றினால் அது படம் என்றே உங்களிடம் சொல்லும். தெரியாததற்கு "அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்" என்று வரும், சில இடங்களில் நல் வரும். இரண்டுக்கும் உங்கள் கோட் தயாராக இருக்க வேண்டும்.

பெயரை நீங்களே பிரிப்பதாக இருந்தால், தமிழில் செயலி எழுதும் எல்லாருக்கும் தெரிய வேண்டிய ஒரு குழி இருக்கிறது. ஆவணம் பதிவேற்றும் செயலி ஒன்றில் வேலை செய்தபோது, பிடிஎஃப் போட்டாலும் "ஆதரிக்கப்படாத ஃபைல்" என்று வருவதாகச் சிலரிடமிருந்து புகார் வந்துகொண்டே இருந்தது. எங்கள் கையில் இருந்த ஃபைல்கள் எல்லாம் ஒழுங்காகப் போயின. கடைசியில் புகார் சொன்ன ஒருவர் தன் ஃபைலையே அனுப்பினார். பெயர் "மின்கட்டணம் மார்ச்", பின்னால் பிடிஎஃப். மைம்டைப்மேப் கிளாஸின் கெட்ஃபைல்எக்ஸ்டென்ஷன்ஃபிரம்யூஆர்எல் என்ற மெத்தடைத்தான் பயன்படுத்தியிருந்தோம். அது பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி, சதவீதக் குறி இவை மட்டும் இருந்தால்தான் எக்ஸ்டென்ஷனைத் தேடும். ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும், ஏன், ஓர் இடைவெளி இருந்தாலும் காலிச் சரத்தைத் திருப்பித் தந்துவிடும். பிழை எதுவும் எறியாது, எச்சரிக்கையும் கிடையாது. அது யூஆர்எல்லுக்காக எழுதப்பட்ட மெத்தட். அதில் ஃபைல் பெயரைக் கொடுத்தது எங்கள் தப்பு. ஆனால் அந்தத் தப்பின் பாரம் தன் மொழியில் பெயர் வைத்தவர் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து என் சோதனை ஃபோல்டரில் தமிழ்ப் பெயருள்ள ஃபைல் ஒன்று கட்டாயம் இருக்கும்.

எக்ஸ்டென்ஷனைச் சாதாரணமாகக் கடைசிப் புள்ளியை வைத்து எடுத்து, சிற்றெழுத்தாக்கி, பிறகு மைம்டைப்மேப்பிடம் கொடுங்கள். சிற்றெழுத்தாக்கும்போது லொக்கேல் ரூட், அதாவது எந்த மொழியின் விதியையும் பின்பற்றாதே, என்று கொடுங்கள். துருக்கி மொழியில் போனை வைத்திருப்பவரிடம் பேரெழுத்து ஐ, புள்ளியில்லாத வேறொரு எழுத்தாக மாறிவிடும். "ஜிஐஎஃப்" அங்கே ஜிஐஎஃப்பாக இருக்காது. கோட்லினின் புதிய லோயர்கேஸ் மெத்தட் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. பழைய டூலோயர்கேஸ்தான் போனின் மொழியைப் பின்பற்றும்.

மூன்றாவது, பைட்டுகள். வகை உங்களுக்கு உண்மையிலேயே முக்கியம் என்றால் இங்கே வந்தாக வேண்டும். பல வடிவங்கள் தங்கள் அடையாளத்தை முதல் சில பைட்டுகளிலேயே வைத்திருக்கின்றன. பிஎன்ஜி என்றால் முதல் எட்டுப் பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இந்த எட்டும் யோசித்து வைக்கப்பட்டவை. 137 ஏழு பிட்டுக்குள் அடங்காது என்பதால், எட்டாவது பிட்டை வெட்டும் பழைய இணைப்பு வழியாக வந்திருந்தால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். 13, 10 என்பவை வரிமுடிவு எழுத்துகள். யாராவது இதை டெக்ஸ்ட் ஃபைல் என்று நினைத்து வரிமுடிவுகளை மாற்றியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். ஜேபெக் என்றால் 255, 216, 255. பிடிஎஃப் என்றால் சதவீதக் குறி, பி, டி, எஃப், சிறுகோடு, அதாவது 37, 80, 68, 70, 45. ஜிப் என்றால் 80, 75, 3, 4. அந்த 80, 75 என்பவை ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள்.

எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஜாவாவில் பைட் என்பது குறியுடைய எண், மைனஸ் 128 முதல் 127 வரை. ஜேபெக்கின் முதல் பைட் 255 உங்கள் அரேயில் மைனஸ் 1 என்று உட்கார்ந்திருக்கும். ஜாவாவில் அதை 255-உடன் ஒப்பிட்டால் கம்பைலர் வாய் திறக்காது, பதில் மட்டும் எப்போதும் ஃபால்ஸ். பிடிஎஃப்பின் பைட்டுகள் எல்லாம் 128-க்குக் கீழே என்பதால் பிடிஎஃப் சரியாக வரும், ஜேபெக்கும் பிஎன்ஜியும் வராது. 255-உடன் பிட் அளவில் ஆண்ட் செய்து எண்ணாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். அப்புறம், இன்புட்ஸ்ட்ரீமிடம் 16 பைட் கேட்டால் 16-உம் ஒரே தடவையில் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. உள்ளூர் ஃபைலில் பெரும்பாலும் வந்துவிடும். நெட் வழியாகத் தரும் புரொவைடரிடம் நான்கு மட்டும் வந்து நிற்கலாம். கேட்டது நிறையும் வரை லூப்பில் படியுங்கள்.

பைட்டுகளும் பாதிக் கதைதான் சொல்லும். டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ், ஏபிகே, ஜார், ஈபப் எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான், முதல் நான்கு பைட்டுகள் ஒன்றே. மேலே பிரிக்க உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். ஈபப்பில் "மைம்டைப்" என்ற ஃபைல்தான் முதலாவதாக, சுருக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஏபிகேயில் ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட் இருக்கும். டாக்எக்ஸ்ஸில் "வேர்ட்" என்ற ஃபோல்டர் இருக்கும். வெப்பி படமும் வேவ் ஒலியும் "ஆர்ஐஎஃப்எஃப்" என்றே தொடங்குகின்றன. எட்டு பைட் தள்ளிப் போனால்தான் வித்தியாசம் தெரியும். எம்பி4 காணொளியும் ஐபோன் எடுக்கும் ஹெய்க் படமும் "எஃப்டிஒய்பி" என்ற ஒரே பெட்டியோடு வருகின்றன, அதற்கடுத்த நான்கு எழுத்துகள்தான் பிரிக்கும். பழைய டாக், எக்ஸ்எல்எஸ் இரண்டும் 208, 207, 17, 224 என்றே தொடங்கும். இவற்றைப் பிரிக்க எக்ஸ்டென்ஷனையும் சேர்த்துப் பார்ப்பதே நடைமுறை.

டெக்ஸ்ட் ஃபைல்களில் இந்த முறை கைவிரித்துவிடும். டிஎக்ஸ்டி, சிஎஸ்வி, ஜேசான் எதற்கும் முத்திரை பைட் கிடையாது. பூஜ்யப் பைட் இல்லை, யுடிஎஃப்-8 ஆகப் பிரிக்க முடிகிறது என்றால் "டெக்ஸ்டாக இருக்கலாம்" என்பது வரை சொல்லலாம். காற்புள்ளிகள் நிறைய இருப்பதால் சிஎஸ்வி என்று சொல்வது ஊகம். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய தமிழ் ஆவணங்கள் உங்கள் பயனர்களிடம் இருந்தால் அவையும் இங்கேதான் விழும். பைட்டுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகவே இருக்கும். "டெக்ஸ்ட்" என்ற கணிப்பு சரிதான், ஆனால் திரையில் படிக்க முடியாது. அதை ஃபைல் வகைச் சோதனை தீர்க்காது, எழுத்துரு மாற்றிதான் வேண்டும்.

முத்திரை பைட் பொருந்தினாலும் ஃபைல் முழுசாக இருக்கிறது என்று ஆகாது. பாதி இறங்கி நின்றுபோன ஜேபெக்கின் முதல் மூன்று பைட்டுகளும் சரியாகவே இருக்கும். அதனால் கடைசித் தீர்ப்பை அந்த வடிவத்தைத் திறக்கும் டிகோடரிடம் விடுங்கள். பிட்மேப்ஃபேக்டரியில் இன்ஜஸ்ட்டிகோட்பவுண்ட்ஸ் வைத்தால் படத்தை நினைவகத்தில் ஏற்றாமலே அகலம், உயரம், அது கண்டுபிடித்த மைம் டைப் மூன்றும் கிடைக்கும். ஃபைல் முழுசா என்று மட்டும் இதில் தெரியாது. பிடிஎஃப்ரெண்டரர் திறக்க முடியாத ஃபைலுக்கு ஐஓஎக்ஸெப்ஷனும், கடவுச்சொல் போட்டதற்கு செக்யூரிட்டிஎக்ஸெப்ஷனும் எறியும். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து, "ஃபைல் பழுதாகியிருக்கிறது", "பூட்டப்பட்டிருக்கிறது" என்று பயனருக்குத் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஆதார், வங்கி அறிக்கை போன்ற பிடிஎஃப்கள் கடவுச்சொல்லோடுதான் வருகின்றன. பூட்டிய ஃபைலைப் பழுது என்று சொன்னால் அவர் மறுபடி மறுபடி அதையே இறக்கிக்கொண்டிருப்பார்.

கூகுள் டிரைவிலிருந்து ஃபைல் எடுக்கவிட்டால் இன்னொரு வகையும் வரும். கூகுள் டாக்ஸ் ஆவணத்துக்குச் சொந்தமாகப் பைட்டுகளே கிடையாது. மைம் டைப்பில் "விஎன்டி.கூகுள்-ஆப்ஸ்" என்று இருக்கும், வர்ச்சுவல் டாக்குமென்ட் என்ற கொடி 7.0-இலிருந்து உண்டு. அதை ஓபன்இன்புட்ஸ்ட்ரீம் கொண்டு திறக்க முடியாது. கெட்ஸ்ட்ரீம்டைப்ஸ் மூலம் எந்த வடிவத்தில் தர முடியும் என்று கேட்டு, அந்த வடிவத்தில் வாங்க வேண்டும். உங்களுக்கு இது வேண்டாம் என்றால், ஃபைல் தேர்வுத் திரையைத் திறக்க நீங்கள் அனுப்பும் இன்டென்ட்டில் கேட்டகரி_ஓபனபிள் சேர்த்துவிடுங்கள், இவை பட்டியலிலேயே வராது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. புரொவைடர் தரும் பெயரை அப்படியே எடுத்து உங்கள் கேஷ்டிருக்குள் ஃபைல் எழுதாதீர்கள். அந்தப் பெயரில் "../" இருந்தால் ஃபைல் வேறு இடத்தில் போய் விழும். பெயரைத் திரையில் காட்ட மட்டும் வைத்துக்கொண்டு, சேமிக்க நீங்களே ஒரு பெயர் உண்டாக்குங்கள். ஜிப் பிரிக்கும்போதும் இதே ஆபத்து. ஜிப்என்ட்ரியின் இஸ்டைரக்டரி, பெயர் சாய்கோட்டில் முடிகிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. ஜிப்பைச் செய்தவர் எழுதியதுதான் அங்கே பதில். ஆண்ட்ராய்டு 14-ஐ இலக்காக வைத்த செயலிகளில் ".." உள்ள பெயர் வந்தால் சிஸ்டமே ஜிப்எக்ஸெப்ஷன் எறிந்துவிடுகிறது, பழைய போன்களுக்கு நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

ஐஓஎஸ் நீங்கள் கேட்கவில்லை, என் அனுபவமும் அங்கே குறைவு. அங்கே ஃபைல்மேனேஜரின் ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ் இருக்கிறதா, ஃபோல்டரா என்ற இரண்டையும் ஒன்றாகச் சொல்லும். யூஆர்எல்லின் ஹேஸ்டைரக்டரிபாத் மட்டும் கடைசியில் சாய்கோடு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறது, அதை நம்ப வேண்டாம். ஆர்டிஎஃப்டி போன்ற ஆவணங்கள் பயனருக்கு ஒரே ஃபைலாகத் தெரிந்தாலும் உள்ளே ஃபோல்டர்கள். அதற்காகவே இஸ்பேக்கேஜ் என்ற தனிச் சாவி உண்டு. ஃபிளட்டர் என்றால் ஃபைல்சிஸ்டம்என்டிட்டியின் டைப் மெத்தட், ஃபைலா, ஃபோல்டரா, இல்லவே இல்லையா என்று பிரித்துச் சொல்கிறது.

உங்கள் கோட்டில் முதலில் யூஆர்ஐ பாத்தை ஃபைலுக்குக் கொடுக்கும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு குவெரியைப் போடுங்கள். பட்டியல் காட்ட மைம் டைப் போதும், ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பைட் படிக்க வேண்டாம். பயனர் ஒன்றைத் தொட்டுத் திறக்கும்போதோ பதிவேற்றும்போதோ மட்டும் பைட்டுகளைப் பாருங்கள். சோதிக்க ஒரு ஃபோல்டரில் புள்ளியுள்ள ஃபோல்டர் ஒன்று, எக்ஸ்டென்ஷன் இல்லாத ஃபைல் ஒன்று, தமிழ்ப் பெயரில் இடைவெளியோடு ஒரு பிடிஎஃப், ஜேபிஜி என்று பெயர் மாற்றிய ஜிப் ஒன்று, பூஜ்யம் பைட் ஃபைல் ஒன்று போட்டு வையுங்கள். அதன் பிறகும் ஏதாவது ஃபைல் தப்பாக வந்தால், கெட்டைப் சொன்ன பதிலையும் முதல் 16 பைட்டுகளையும் எண்களாக அச்சிட்டு இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.